கையில காசா, வீட்டுக்கு அரிசியா?

இன்னைக்கு யூபிஐ பத்திப் பேசப் போறோம். ஜிபே-ல வர்ற யூபிஐ இல்லைங்க. இது யூனிவர்சல் பேசிக் இன்கம். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, என்ன பண்றது! ஏழை, பணக்காரர்னு பார்க்காம எல்லார் அக்கவுண்ட்லயும் அரசு மாசாமாசம் காசு போடுறதுதான் ஐடியா. இந்தியாவோட 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில இதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. அதுல போட்ட கணக்கு, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 7,620 ரூபாய்.

ரேஷனை நிறுத்திட்டு அந்தக் காசைக் கையில கொடுத்துட்டா என்னன்னு சிலர் கேட்கிறாங்க. இதைச் செஞ்சு பார்த்த ஊர் நமக்குப் பக்கத்துலயே இருக்கு: புதுச்சேரி. 2015 செப்டம்பர்ல அங்கே மத்திய அரசு தர்ற ரேஷன் அரிசிக்குப் பதிலா வங்கிக் கணக்குல பணம் போட ஆரம்பிச்சாங்க.

சிக்கல் எங்கேன்னா, அந்தத் தொகையை மளிகைக் கடை விலையை வச்சுக் கணக்குப் போடல. நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையை வச்சுப் போட்டாங்க. கடையில அரிசி விலை ஏறினா, அந்த வித்தியாசம் யார் தலையில விழும்? வாங்குறவங்க தலையிலதான். அரிசியாவே கொடுத்தா அந்தச் சுமை அரசோடது. எனக்கு இதுதான் முக்கியமான வித்தியாசமாப் படுது. அப்புறம் நாராயணசாமி அரசு அரிசிதான் வேணும்னு சொல்ல, துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான்னு நிக்க, பெரிய மோதலே நடந்துச்சு. ரேஷன் கடைகள் வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்துச்சு. 2024 தீபாவளி சமயத்துலதான் மறுபடி திறந்து அரிசி கொடுத்தாங்க.

அதுக்காகப் பணம் மோசம்னு நான் சொல்லல. சென்னையில ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற உங்கள்ல பலருக்கு இங்கே ரேஷன் கார்டே இருக்காது. காசுன்னா நீங்க போற ஊருக்கெல்லாம் கூடவே வரும். மருந்து வாங்கலாம், வாடகை கொடுக்கலாம். ரேஷன் அரிசி நாறுதுன்னா வேற அரிசி வாங்கிக்கலாம்.

ஆனா ஊர்ல ஆஸ்பத்திரியே இல்லைன்னா, கையில இருக்கிற காசு டாக்டரைக் கொண்டு வராது. தமிழ்நாடு ரெண்டையுமே செய்யுது. 2021-லேர்ந்து பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்துச்சு. அதுக்கு வருமான வரம்பு இருக்கு, அதனால அது யூபிஐ ஆகாது. நாளைக்கே பஸ் கட்டணம் ஏறுதுன்னு வைங்க. பஸ்ல போற அக்காவுக்கு அப்பவும் கட்டணம் இல்லை. அந்த ஆயிரத்தை ஏத்தணும்னா, கோட்டையில யாராவது தனியா கையெழுத்துப் போடணும்.