குருளை காணச் சென்றோம்

நாய்க்குத் தமிழிலே பெயருக்குப் பஞ்சமில்லை. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல், எகினம் என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். பெயர் பலவாயினும் மதிப்பு உண்டா என்று கேட்டால், அங்கேதான் தமிழர் மனம் இரண்டுபடுகின்றது. ஒருவனை வையவேண்டுமானால் முதலில் நாவில் வருவது நாய். அடியார்கள் தம்மை இறைவன்முன் தாழ்த்திக்கொண்டபோதும் நாயையே உவமைக்கு அழைத்தனர். திருவாசகம் ஓதுவார் இதனை நன்கறிவர். மற்றொருபுறம் பார்த்தால், வைரவருக்கு வாகனம் நாய். பாரதக் கதையின் முடிவிலே, மனைவியும் தம்பியரும் வழியிலே வீழ்ந்தபின், தருமனோடு இறுதிவரை நடந்து சென்றதும் ஒரு நாயே. அதனைக் கைவிட்டுத்தான் விண்ணுலகு புகவேண்டுமாயின், அவ்விண்ணுலகே வேண்டாம் என்றான் அவன்.

தொல்காப்பியர் இவ்வழக்கில் எப்பக்கம் நின்றார்? மரபியலிலே இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்ற ஒரே பெயரை வழங்குகின்றார். குட்டி, பறழ் என்பனவும் விலக்கப்படவில்லை. காட்டை ஆளும் புலிக்கும் வாயிலிற் கிடக்கும் நாய்க்கும் பிள்ளைப் பெயர் ஒன்றே. பெண்ணைச் சுட்டும்போது பன்றிக்கும் நாய்க்கும் பாட்டி என்னும் பெயரைத் தருகின்றார். இன்று அச்சொல் நம் தாயைப் பெற்றவளுக்கு உரியதாகிவிட்டது. வகுப்பிலே இந்தச் சூத்திரத்தை நடத்தும்போது மாணவர் சிரியாத ஆண்டு ஒன்றுமில்லை.

இவ்வளவையும் வீட்டுத் திண்ணையிலிருந்தே சொல்லிவிடலாம். ஆயின், கடந்த ஆனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், இதன் பொருட்டு யாழ்ப்பாணத்திலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல் பயணஞ்செய்ய நேர்ந்தது. மாங்குளத்துக்குக் கிழக்கே, ஒட்டுசுட்டான் வீதியை அண்டிய சிற்றூரிலே என் நண்பர் ஒருவர் வாழ்கின்றார். கணித ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். அவர் தொலைபேசியில், "பண்டிதர், எங்கட ஜிம்மி குட்டி போட்டிட்டுது. ஐந்து. ஒருக்கால் வந்து பாருங்கோவன்" என்றார். தமிழ் ஊரிலே பிறந்து தமிழ்ச் சோறு தின்னும் நாய்க்கு ஆங்கிலப் பெயர் வைப்பது நம்மவர் வழக்கம். அதனைத் திருத்த எப்பண்டிதராலும் இயலாது.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவதெங்ஙனம்? மனிதத் தாய்க்குச் சரக்கரைத்துக் கொடுப்பது நம் மரபு. நாய்த்தாய்க்கு யாது கொடுப்பது? என் மனைவி ஆராய்ந்து நெத்தலிக் கருவாடு என்று முடிவு செய்தாள். சைவ உணவினனாகிய நான் திருநெல்வேலிச் சந்தையிலே கருவாட்டுக் கடை முன் நின்றதை என் மாணவன் ஒருவன் கண்டு, காணாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல பிள்ளை.

பழைய மாணவர் ஒருவரின் காரிலே விடியற்காலையில் புறப்பட்டோம். கண்டி வீதியிலே செல்லும் என் வயதினர் எவருக்கும் நாவற்குழிப் பாலம் வெறும் பாலமன்று. 1995 ஒக்ரோபர் 30 ஆந் தேதி இரவு, கொட்டும் மழையிலே வலிகாமம் முழுவதும் அப்பாலத்தை நோக்கி நடந்தது. எங்கள் ஒழுங்கையிலிருந்த ஒரு வீட்டு நாய் அந்தக் கூட்டத்தினூடே வெகுதூரம் உடன் வந்தது. பின் சனநெருக்கத்தில் அதனைக் காணோம். 1996 சித்திரையில் மக்கள் திரும்பிச் சென்றபோது, அதே வீட்டுப் படலையடியில், எலும்புந் தோலுமாய், அந்நாய் படுத்திருந்தது. ஆறு மாதம் அது எதனை உண்டதென்று எவருக்கும் தெரியாது.

முகமாலையைத் தாண்டும்போது சிவப்புப் பலகைகள் நினைவில் எழுந்தன. 2009 இல் போர் ஓய்ந்தபின்னும் பல ஆண்டுகள் அம்மண்ணிலே கண்ணிவெடி அகற்றும் பணி நடைபெற்றது. இலங்கையிலே அப்பணிக்கு நாய்களும் உதவின. நிலத்துக்குள் மறைந்திருக்கும் வெடிமருந்தின் வாடையை மூக்கினால் அறிந்து, அவ்விடத்திலே அமர்ந்து காட்டுமாறு அவை பழக்கப்படுகின்றன. மனிதன் புதைத்ததை மனிதன் மிதியாதபடி நாய் காட்டிக்கொடுத்தது.

அப்பால் ஆனையிறவு. வன்னிக் காட்டிலே பிடித்த யானைகளை ஆழமற்ற கடல்நீரைக் கடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்த துறையாதலின் அப்பெயர் பெற்றது. உப்புக் காற்று முகத்தில் மோத, நாலடியாரிலே யானையையும் நாயையும் நட்புக்கு உவமை காட்டிய புலவரை நினைத்துக்கொண்டேன். யானை, பல நாட் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ, தன் தலைவன் எறிந்த வேல் உடம்பிலே தைத்திருக்கவும் வாலைக் குழைக்கும். ஆதலால் யானை போன்றாரை நீக்கி நாய் போன்றாரை நட்பாகக் கொள்க என்பது அவர் முடிபு. நாயென்று வைவோர் இப்பாட்டை ஒருமுறை படித்தல் நன்று.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, மாங்குளத்திலே கிழக்கே திரும்பினோம். வீதியோரத்திலே சிறுவர்கள் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தனர். பத்து மணிக்கெல்லாம் நண்பர் வீட்டு முற்றத்தில் நின்றோம்.

ஜிம்மி அடுக்களைப் பின்புறத்து வைக்கோற் படுக்கையிலே கிடந்தது. முதலில் உறுமிற்று, நெத்தலியின் வாடை எட்டியதும் உறுமல் தணிந்து வால் அசைந்தது. குருளைகள் ஐந்தும் ஒன்றன்மேலொன்றாய்க் குவிந்து கிடந்தன. நண்பர் கணித ஆசிரியரல்லரா? ஒரு கொப்பியிலே நாள் தவறாது எழுதிவைத்திருந்தார். நாய் கருவைச் சுமப்பது ஏறத்தாழ 63 நாள். பிறக்கும்போது குருளைக்குக் கண்ணுந் திறவாது, காதுங் கேளாது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் இல்லை. அதனாலேதான் அவை தாயோடும் தம்முளும் ஒட்டிக் கிடக்கின்றன. நண்பரின் கொப்பியிலே 12 ஆம் நாள் முதற் கண் திறந்ததென்றும், 17 ஆம் நாள் கைதட்டிய ஓசைக்கு ஒன்று திடுக்கிட்டதென்றும் குறிப்புக் கண்டேன். நாங்கள் சென்ற அன்று 22 ஆம் நாள். நாலடி நடப்பதும் மூக்குக்குப்புற வீழ்வதுமாயிருந்தன.

மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை குருளையின் வாழ்வில் மிக முதன்மையான காலம் என்பர். 1965 இலே ஸ்கொட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பல்லாண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து வெளியிட்ட பெருநூலில் இதனை நிறுவினர். அக்காலத்தில் மனிதரின் கையும் குரலும் பழகாத நாய், பின்னர் மனிதரை அஞ்சியே வாழும். அஞ்சும் நாயே பெரும்பாலும் கடிக்கும் நாய். பால்குடி மறவாத குட்டியைத் தாயினின்றும் பிரித்தலும் தீது. ஆதலால், இரண்டு மாதம் நிறையுமுன் குட்டி கொடுப்பதில்லை என்பது நண்பரின் சட்டம்.

உணவுக்குப்பின் பேச்சு வேறு திசையிற் சென்றது. "ஆண் குட்டி இரண்டுக்கும் பிறந்த அண்டே ஆக்கள் சொல்லிவைச்சிட்டினம். பெட்டை மூண்டையும் ஆரும் கேக்கேல்லை" என்றார் நண்பர். இஃது அவ்வூருக்கு மட்டும் உரிய கதையன்று. பெட்டைக் குட்டிகளை உரப்பையிலிட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவரும் வழக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அவற்றுட் பல வண்டியில் நசுங்கும். எஞ்சியவை தெருவிலே பெருகும். ஆண்டுக்கு இருமுறை ஈனும் நாய் முறைக்கு ஆறு குட்டி போட்டால், ஓராண்டிலே பன்னிரண்டு. அவற்றுட் பாதி பெட்டையாயின் மறு ஆண்டிலே என்னாகும் என்று நண்பர் விரல் மடித்துக் காட்டினார்.

அப்பொழுது நண்பரின் மனைவியார் சொன்ன செய்தியே இப்பயணத்தின் பயனாயிற்று. 2008 மார்கழியில் அவர்கள் அவ்வீட்டை விட்டு வெளியேறினர். செட்டிகுளத்து முகாமிலிருந்து 2010 இல் மீண்டனர். கூரையில்லை, வேலியில்லை, பலாமரம் ஒன்றே நின்றது. "பகலிலே வேலையோட தெரியேல்லை, தங்கச்சி. இரவிலதான் பயம். ஒரு நாய் குரைக்கிற சத்தம் இல்லை. ஊர் எண்ட நினைப்பே வரேல்லை" என்று என் மனைவியிடம் கூறினார். சில வாரத்தின்பின், யாரோ வழியிலே விட்டுச்சென்ற பெட்டைக் குட்டியொன்று தானாகவே வந்து சேர்ந்தது. தறப்பாள் கொட்டிலின் வாயிலிலே அது முதன்முதல் குரைத்த இரவில்தான் அவர் அச்சமின்றி உறங்கினாராம். இந்த ஜிம்மி அதன் பேத்தி. மரபியற் சூத்திரத்தை நான் எடுத்துச் சொன்னபோது, "அப்ப அதுதான் எங்கட ஊருக்குப் பாட்டி" என்று சிரித்தார். உரையாசிரியர் எவரும் இதனினும் நல்ல உரை எழுதியதை நான் கண்டிலேன்.

என் மனைவி என்னைக் கேளாமலே எழுந்துபோய், கறுப்புப் பெட்டைக் குட்டியைக் கையிலெடுத்து, "அக்கா, இது எங்களுக்கு" என்றாள். மற்றொன்று தாயோடு நிற்கும் என்று நண்பர் உறுதியளித்தார்.

பெட்டை நாயை வளர்ப்பதிலே இடரில்லை என்று சொல்லமாட்டேன். இடருக்குப் பரிகாரமும் இன்று உண்டு. கால்நடை வைத்தியரிடம் காட்டி, உரிய பருவத்திலே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால், ஈற்றைப்பற்றிய கவலை அற்றுப்போம். விசர்நாய்த் தடுப்பூசியோ ஆணாயினும் பெண்ணாயினும் எல்லா நாய்க்கும் கட்டாயம் வேண்டுவது; அந்நோய் மனிதரைப் பற்றிக் குறி காட்டியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. இவ்விரண்டையும் செய்பவனுக்குப் பெட்டைக் குட்டியைத் தெருவில் விட வேண்டிய காரணம் ஒன்றேனும் எஞ்சாது. காவலுக்கும் அன்புக்கும் ஆண் பெண் பேதமில்லை என்பதற்கு அந்தத் தறப்பாள் கொட்டிலே சான்று.

மூன்று பெட்டையுள் இரண்டுக்கு வீடு கிடைத்தது. மூன்றாவது, செந்நிறம், நெற்றியிலே ஒரு வெண்புள்ளி, ஐந்தினுள் முதலிற் கண் திறந்ததும் அதுவே. ஆடி முடிவிலே அதற்கு இரண்டு மாதம் நிறைகின்றது. இதனைப் படிக்கும் ஆசிரியர்களுள் ஒருவர் வீட்டுப் படலையடியிலே அதற்கு இடம் இராதா?