வீட்டில் சர்வர் வைக்கலாமா?

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 2012-இல் கூகுள் நிறுவனம் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. நொடிக்கு 1 கிகாபிட் வேகம், மாதம் 70 டாலர். பதிவிறக்கத்துக்கு என்ன வேகமோ அதேதான் பதிவேற்றத்துக்கும். அன்றைய அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை கண்டிராத வேகம் அது. ஆனால் விதிமுறைகளில் ஒரு வரி ஒளிந்திருந்தது: எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் இந்த இணைப்பில் எந்த வகையான சர்வரையும் நடத்தக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணைப்பில், அங்கே இங்கே கேட்டு வாங்கிய கணினிகளில் தன் தேடுபொறியை ஓட்டிப் பார்த்து வளர்ந்த நிறுவனம் போட்ட விதி இது!

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் கண் சிமிட்டும் விளக்குகளுமாக ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். அதெல்லாம் வேண்டியதில்லை. யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருந்து, கூப்பிட்டால் பதில் சொல்லும் எந்தக் கணினியும் சர்வர்தான். அது காத்திருக்கும் இடத்துக்குப் போர்ட் என்று பெயர். இணையப் பக்கம் கேட்பவர்கள் 80 அல்லது 443-ஆம் எண் போர்ட்டுக்கு வருவார்கள், மின்னஞ்சல் 25-க்கு வரும். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப் போதும், ராஸ்ப்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி கூடப் போதும். உலகின் முதல் வலைச் சர்வரே, வைய விரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வகத்தில் பயன்படுத்திய கணினிதான். அதை யாரும் அணைத்துவிடாதபடி சிவப்பு மையில் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்.

எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் கூப்பிடலாம் என்று அமைந்த இணையம், வீடு வரை வந்ததும் ஏன் ஒருவழியாகச் சுருங்கியது? முதல் காரணம் செம்புக் கம்பியில் இருக்கிறது.

தொலைபேசிக் கம்பியில் இணையம் கொண்டுவந்த ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம், கம்பியின் அலைவரிசையைப் பங்கு போட்டது. ஏறத்தாழ 25 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை வீட்டிலிருந்து அனுப்ப. அதற்கு மேல் 1,104 வரை வீட்டுக்கு வர. பங்கீட்டில் இவ்வளவு ஓரவஞ்சனை ஏன்? தொலைபேசி எக்ஸ்சேஞ்சை நெருங்க நெருங்க நூற்றுக்கணக்கான வீடுகளின் கம்பிகள் ஒரே கேபிளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகும். ஒரு கம்பியின் மின்சமிக்ஞை பக்கத்துக் கம்பியிலும் கசியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் சமிக்ஞைகள் எல்லாம் ஒரே பலத்தோடு கிளம்புவதால் பெரிய சிக்கல் இல்லை. வீடுகளிலிருந்து வருபவை அப்படி அல்ல. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் சமிக்ஞை தேய்ந்து மெலிந்து வந்து சேரும்போது, பக்கத்துத் தெரு வீட்டின் சமிக்ஞை முழு பலத்தோடு குறுக்கே நிற்கும். அனுப்பும் பாதையைக் குறுக்கி, தேய்மானம் குறைந்த தாழ் அலைவரிசையில் வைத்தது பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம். மக்கள் எழுதுவதைவிடப் படிப்பதும் பார்ப்பதும்தான் அதிகம் என்ற கணக்கும் அதற்கு ஒத்துவந்தது. விளைவு, இதன் பின்னாளைய வடிவமான ஏடிஎஸ்எல்2+ இணைப்பில்கூட 24 மெகாபிட் வரை இறங்கும், ஏறுவது ஒன்றோ ஒன்றரையோதான். அமெரிக்கக் கேபிள் டிவி இணைப்புகளிலும் இதே கதை. அந்தக் குறுகிய பாதையைத் தெருவே பகிர்ந்துகொண்டது. ஒரு வீட்டில் சர்வர் ஓடினால் அடுத்த வீட்டுக்காரர் தவிப்பார் என்ற வாதத்தில் அன்று நியாயம் இருந்தது.

அடுத்து வந்தது பயம். 2001 ஜூலை 19 அன்று ‘கோட் ரெட்’ என்ற புழு, 14 மணி நேரத்துக்குள் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் தொற்றியது. அது நுழைந்தது மைக்ரோசாஃப்டின் வலைச் சர்வர் மென்பொருள் வழியாக. தங்கள் கணினியில் அப்படி ஒன்று ஓடுவதே தெரியாத பலர் இருந்தார்கள். சேவை நிறுவனங்கள் சில, 80-ஆம் போர்ட்டை ஒரேயடியாக அடைத்தன. பிறகு, வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பை அஞ்சல்களைக் கொட்டியதால் 25-ஐயும் பல நிறுவனங்கள் மூடின. இந்த இரண்டாவது தடையை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்று பெரிய தடை முகவரிப் பஞ்சம். பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதனால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. கதவு எண்களே இல்லாத அடுக்குமாடி மாதிரி: உள்ளிருந்து எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால் காவலாளி ஆளைத் தேடிக் கொடுத்துவிடுவார், புதிதாக ஒருவர் எழுதினால் யாருக்கென்று அவருக்கே தெரியாது. உங்கள் வீட்டு வாசல் கேமராவை அலுவலகத்திலிருந்து பார்க்க, பெரும்பாலும் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுவிட்டு வர வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புதிய தலைமுறையான ஐபிவி6 முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ரவுட்டர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பை அங்கேயும் தடுத்தே வைத்திருக்கின்றன.

கான்சாஸ் விஷயத்துக்கு வருவோம். அங்கே செம்பும் இல்லை, குறுகிய பாதையும் இல்லை. வாடிக்கையாளராகச் சேர நினைத்த ஒருவர் இந்த சர்வர் தடை பற்றி அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். மற்ற பெரிய நிறுவனங்களும் இப்படித்தானே விதி வைத்திருக்கின்றன என்று 2013 ஜூலையில் கூகுள் பதில் சொன்னது. எதிர்ப்பு வலுத்தது. அந்த அக்டோபரிலேயே விதி மாறியது: வணிக நோக்கமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு சர்வர் நடத்தலாம். காரணங்கள் போன பின்னும் எங்காவது இப்படி ஒரு விதி நிற்கிறது என்றால், மிச்சமிருப்பது வியாபாரம்தான். வணிக இணைப்பையும் நிலையான முகவரியையும் தனி விலைக்கு விற்க வேண்டுமே!

உங்கள் இணைப்பு எந்த ரகம் என்று நீங்களே பார்க்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP) என்று ஒரு எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்களும் பல வீடுகள் பகிரும் ஒரு பொது முகவரிக்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். அடுத்த முறை இணைப்பு எடுக்கும்போது பதிவிறக்க வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். பதிவேற்ற வேகம் என்ன, பொது ஐபி தருவீர்களா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.