கோர்ட்டு நோட்டீஸுக்குள் இத்தனை இருக்கிறதா? தெரியுமா உங்களுக்கு!

விடிவதற்குள் தேனி மாவட்டத்துச் சிலமலையிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பு ஏறுகிற ஒரு பெண்ணின் கையில், 'தாம்பத்திய உரிமை மீட்பு' என்று போட்ட நோட்டீஸ் வந்து சேர்கிறது. என்ன நினைப்பாள்? போலீஸ் வந்து இழுத்துக்கொண்டுபோய்ப் புருஷன் வீட்டில் விட்டுவிடும் என்றுதானே! இல்லவே இல்லை. இந்துத் திருமணச் சட்டம், 1955, பிரிவு 9. அதன்படி தீர்ப்பே வந்தாலும் யாரையும் பிடித்து இழுத்துப்போக முடியாது, சிறையிலும் தள்ள முடியாது. மிஞ்சிப்போனால் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம், அவ்வளவுதான். இன்னும் கேளுங்கள்: தீர்ப்பு வந்து ஓராண்டு ஆகியும் இருவரும் சேர்ந்து வாழவில்லையா? அதையே காரணமாகக் காட்டி இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம். சேர்த்து வைக்க வந்த பிரிவே பிரிந்துபோக வழி திறந்துவிடுகிறது!

இந்தப் பிரிவையே ஒரு நடிகையின் வழக்கு கவிழ்த்துப்போட்டது தெரியுமா? 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் நடித்த சரிதாவேதான். 1983-இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ.சௌத்ரி, மனமில்லாத பெண்ணைக் கணவனோடு வாழச் சொல்லி அரசு கட்டாயப்படுத்துவது அவளது அந்தரங்கத்தையும் உடல்மீது அவளுக்குள்ள உரிமையையும் பறிப்பது என்று சொல்லி, பிரிவு 9 செல்லாது என்றார். எவ்வளவு துணிச்சலான தீர்ப்பு! ஆனால் மறு ஆண்டே, சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் காப்பாற்றிவிட்டது. இன்றும் அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சரிதா வழக்கின் தீர்ப்பே நியாயமானது என்பது என் எண்ணம். ஒரு ஆறுதல் உண்டு. சேர்ந்து வாழச் சொல்லித் தீர்ப்பு வந்த பிறகும் திரும்பிப் போகாத மனைவி, போகாததற்குத் தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் பெறலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நோட்டீஸின் எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எச்.எம்.ஓ.பி. என்றிருந்தால் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் வந்த மனு. ஐ.டி.ஓ.பி. என்றால் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டம். எம்.சி. என்றால் ஜீவனாம்ச வழக்கு.

நோட்டீஸ் இருக்கட்டும், கல்யாணமே செல்லுமா என்பதைப் பாருங்கள். நம் பக்கம் அத்தை மகனும் மாமன் மகளும் முறைகாரர்கள். இந்துத் திருமணச் சட்டமோ அவர்களைத் 'தடுக்கப்பட்ட உறவுமுறை' என்கிறது! அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதும் அதே பட்டியலில்தான். பிறகு எப்படி இத்தனை கல்யாணம் செல்லுகிறது? அதே சட்டம், 'இரு தரப்புக்கும் உரிய வழக்காறு அனுமதித்தால் தடையில்லை' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஒற்றை வரியில் தென் தமிழ்நாட்டின் எத்தனை குடும்பங்கள் நிற்கின்றன!

ஐயரும் அக்கினியும் இல்லாமல் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ இந்துத் திருமணமாகவே செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் தமிழ்நாடு சேர்த்த பிரிவு 7-ஏ இது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் பின்னோக்கிச் செல்லுபடியாக்கியது. அந்தத் தம்பதிகளின் நெஞ்சு எப்படிக் குளிர்ந்திருக்கும்!

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் புருஷன் மனைவியைப் பிரித்து 'அத்து விடுவது' செல்லுமா? இங்கேதான் கவனம் வேண்டும். வழக்காற்றின்படி பெற்ற விவாகரத்தைப் பிரிவு 29 ஏற்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக, இடையறாமல் இருக்கிறது என்பதைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். வெறும் முத்திரைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிட்டு மறுமணம் செய்தால், அந்த இரண்டாம் கல்யாணமே செல்லாமல் போகலாம். தாளை நம்பி வாழ்க்கை தொடங்கிய பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அடி! பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அவர்கள் சட்டப்படியான பிள்ளைகளே, பெற்றோர் சொத்தில் பங்குண்டு.

'ஜீவனாம்சம்' பெண்ணுக்கு மட்டும்தானா? இந்துத் திருமணச் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகளில் வருமானமில்லாத கணவனும் கேட்கலாம்! விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் 'மனைவி'தான். தான் குடியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே மனு போடலாம். வழக்கு எத்தனை வாய்தா இழுத்தாலும், மனு போட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு மலைப்புத் தருவது இன்னொன்று. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அதைத் தாண்டினால் கேரளம். வேலைக்காகத் தினமும் கடக்கிற எல்லை. ஆனால் கணவன் இடுக்கிப் பக்கத்துக் கோர்ட்டில் விவாகரத்து மனு போட்டு, மனைவி அதைத் தேனிக்கு மாற்றக் கேட்டால், கொச்சியிலுள்ள கேரள உயர் நீதிமன்றத்தாலும் முடியாது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையாலும் முடியாது. மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்! அந்த மனைவிக்கு இன்னொரு வழியும் உண்டு: 2003-இலிருந்து, தான் குடியிருக்கும் இடத்திலேயே அவளும் தன் மனுவைத் தாக்கல் செய்யலாம்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்கிறீர்களா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்றாலே போதும், வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம். கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். போனில் கேட்பதானால் 15100.