நாட்டுத் துப்பாக்கி (வாய்வழி மருந்திடும் துப்பாக்கி)

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி ஆகும். ஒற்றைக் குழல் உடையதை உரிம ஆவணங்களில் எஸ்.பி.எம்.எல். என்று சுருக்கிக் குறிப்பர். இலங்கைத் தமிழர் இதனை இடியன் துவக்கு என்பர்.

இயங்கும் முறை

குழலுக்குள் முதலில் அளந்த கருமருந்தும், அதன்மேல் அடைப்பும், பிறகு ஈயக் குண்டும் அல்லது ரவைகளும் இடப்படும். விசையை இழுத்ததும் சுத்தியல், குழலின் பின்புறமுள்ள கேப்பின் மீது அடிக்கும். அதில் எழும் தீப்பொறி சிறு துளை வழியே சென்று மருந்தைப் பற்றவைக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். குழலின் உட்புறம் வழுவழுப்பாக இல்லாமல் திருகு பள்ளங்களுடன் இருந்தால் அது ரைபிள் எனப்படும்.

வரலாறு

1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிளும் வாய்வழி மருந்திடும் வகையே. அதன் தோட்டாத் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அத்தாளில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டுள்ளது என்று பரவிய செய்தி, 1857 கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றானது. 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

வேட்டையும் சட்டமும்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இவ்வகைத் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைக் காலம் உண்டு. இந்தியாவில் நிலைமை வேறு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகியவற்றால் பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கு இடமில்லை. வேட்டையை மரபுத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர்கள் இன்று பாசிமணி விற்றுப் பிழைப்பதற்கு இத்தடையும் ஒரு காரணம்.

ஆயுதச் சட்டம் 1959இன் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக நாட்டுத் துப்பாக்கி உரிமம் வழங்க வழி செய்கிறது. விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் உரிமம் பெற்றதாலேயே விலங்கைச் சுடும் உரிமை வந்துவிடாது. அதற்கு வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி தனியாகத் தேவை. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கும்.

முதன்முறை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

• உரிமம் கைக்கு வந்த பிறகே, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் உரிமத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

• குழலில் விரிசல், நெளிவு, உள்துரு இருக்கக் கூடாது. சுத்தியல் பாதி நிலையில் உறுதியாக நிற்க வேண்டும்.

• கருமருந்து மட்டுமே இட வேண்டும். புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்காமல் குழல் வெடித்துச் சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம்.

• மருந்திட்ட துப்பாக்கியும் வெறும் துப்பாக்கியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெறுங்குழலில் கோல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று கோலில் கோடிட்டு வைத்துக்கொண்டால், பிறகு கோலை விட்டுப் பார்த்தே வேறுபாட்டை அறியலாம். கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள்.

• விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடியே ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு.

கட்டுத்துவக்கு

விலங்குகள் நடக்கும் தடத்தில் துப்பாக்கியைப் பொருத்தி, விசையுடன் கயிற்றை இணைத்து வைப்பது இலங்கையில் கட்டுத்துவக்கு எனப்படும். கயிற்றில் இடறுவது பன்றியா, விறகு பொறுக்க வந்தவரா என்று அதற்குத் தெரியாது. பயிரைக் காக்கவே வைத்தாலும் இது சட்டத்துக்குப் புறம்பானது.