நற்கருணை (கத்தோலிக்கம்)

நற்கருணை என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றாகும். இதன் கிரேக்கப் பெயரான யூகரிஸ்தியா, நன்றி செலுத்துதல் எனப் பொருள்படும்.

சொற்களும் பொருளும்

திருப்பலி என்பது முழு வழிபாட்டைக் குறிக்கும். முன்னர் இது பூசை எனப்பட்டது. அவ்வழிபாட்டில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பமும் திராட்சை இரசமுமே நற்கருணை ஆகும். இவை கிறித்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது திருச்சபையின் போதனை. இதனைப் பெறுவதைப் பேச்சு வழக்கில் நன்மை வாங்குதல் என்பர். முதன்முறை பெறுவது புதுநன்மை எனப்படும். சீர்திருத்தத் திருச்சபைகளில் திருவிருந்து, இராப்போஜனம் ஆகிய சொற்களும் வழங்குகின்றன.

பிரசாதமும் நற்கருணையும்

பழைய கத்தோலிக்க வழக்கில் சற்பிரசாதம் என்ற சொல்லும் இருந்தது. எனினும் இது கோயிற் பிரசாதத்தினின்று வேறுபட்டது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பிரசாதம் வழிபட வருவோருக்கு வழங்கப்படுகிறது. அதே பகுதியிலுள்ள சாந்தோம் பேராலயத்தில் திருப்பலியில் எவரும் கலந்துகொள்ளலாம். ஆனால் நற்கருணையைப் பொதுவாகக் கத்தோலிக்கர் மட்டுமே பெறுவர். அவர்களும் சாவான பாவமின்றி, ஒரு மணி நேரமாவது உண்ணாதிருந்து பெறவேண்டும்.

இக்கட்டுப்பாட்டின் காரணத்தைக் கம்யூனியன் என்ற சொல் விளக்குகிறது. இலத்தீன் மூலத்தில் இதன் பொருள் ஒன்றிப்பு. நற்கருணை பெறுபவர் கிறித்துவோடும் திருச்சபையோடும் தாம் ஒன்றித்திருப்பதை அச்செயலால் அறிவிக்கிறார். எனவே ஏனையோர் இருக்கையிலேயே அமர்ந்திருத்தல் அவமதிப்பு ஆகாது.