நிரப்பும்போது சிலிண்டர் ஏன் சுடுகிறது?

புதுச்சேரிக் கடலில் மூழ்கிப் பார்ப்பவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டர், காற்று நிரப்பும்போது ஏன் சுடுகிறது என்று குருசுக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. குழாயில் வரும் காற்று ஏற்கெனவே 200 பார் அழுத்தத்தில் அமுங்கி, ஆறியும் இருக்கிறது. காலி சிலிண்டருக்குள் நுழைந்தால் அது விரியத்தானே வேண்டும்? விரிந்தால் குளிர வேண்டாமா?

பிளஸ் ஒன்னில் படித்த வெப்ப இயக்கவியல் முதல் விதியின் வடிவம், பிஸ்டன் போட்டு மூடிய பாத்திரத்துக்கானது. இங்கே வால்வு திறந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடலூர் பஸ்ஸில் ஏறுவதை நினையுங்கள். நீங்களாக ஏறுவதில்லை, பின்னால் நிற்பவர்கள் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் வேகத்தோடு அவர்களின் தள்ளலும் உள்ளே வருகிறது. பின்கதவு திறந்திருந்தால், ஏறுபவர் வாங்கிய தள்ளலை இறங்குபவருக்குக் கொடுத்துவிடுவார். கதவு மூடியிருந்தால் அத்தனையும் உள்ளேயே இடிபாடாக மாறும். அந்த இடிபாடுதான் வெப்பம். காற்றின் மூலக்கூறு பையோடு ஏறுபவர். வாங்கிய தள்ளலில் ஒரு பகுதி பையைச் சுழற்றுவதில் போய்விடும். காற்றுக்குப் பதில் ஹீலியம் நிரப்பினால், அதன் அணு வெறுங்கையோடு ஏறுபவர்; தள்ளல் முழுவதும் ஓட்டமாகும்.

கணக்கு இன்னும் அழகு. குழாயில் வரும் காற்றின் அக ஆற்றல் ஐந்து பங்கு என்றால், பின்னால் வரும் காற்றின் தள்ளல் இரண்டு பங்கு. சிலிண்டருக்குள் ஏழும் அக ஆற்றலாகிவிடும். சுவர் வழியே வெப்பம் போகாவிட்டால், 300 கெல்வின் காற்று 420 கெல்வின் ஆகும்; அதாவது 27 டிகிரி செல்சியஸ், 147 ஆகிவிடும். ஹீலியத்துக்கு மூன்றும் இரண்டும். அது 227 டிகிரியைத் தொடும். சிலிண்டரின் அளவோ குழாயின் அழுத்தமோ இந்த விடையை மாற்றுவதில்லை. உலோகச் சுவர் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால்தான் நம் கை பிழைக்கிறது.

வரலாறு சுருக்கமானது. 1845-இல் இயற்பியலாளர் ஜூல் இரண்டு செம்புப் பாத்திரங்களைத் தனித்தனித் தண்ணீரில் வைத்து, ஒன்றிலிருந்த காற்றை வெற்றிடமான மற்றொன்றுக்குத் திறந்துவிட்டார். கொடுத்தது குளிர்ந்தது, வாங்கியது சூடானது. 1850-இல் மற்றோர் இயற்பியலாளர் கிளாசியஸ் முதல் விதிக்கு வடிவம் கொடுத்தார்.

2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் நாட்டின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டபின், ஹைட்ரஜன் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. ஹைட்ரஜன் காரின் தொட்டி சில நிமிடங்களில் நிரம்பும் என்கிறார்கள். நிரம்பும்தான். ஆனால் தொட்டி 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால், 700 பார் நிலையங்களில் வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்புகிறார்கள். அந்தக் குளிரூட்டலுக்கும் மின்சாரம் வேண்டும். விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. வால்வு திறந்திருக்கும்போது என்ன நடக்கும் என்பதையும் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்தால், அந்த மின்சாரக் கணக்கைக் கேட்கும் தலைமுறை வரும்.