இரண்டு காப்பரும் நான்கு பாலங்களும்

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் காந்தத் திருப்புத்திறன் கணக்குகளை நாம் அனைவரும் நடத்துகிறோம். காப்பர் 2+ அயனியின் 3டி ஆர்பிட்டால்களில் 9 எலக்ட்ரான்கள்; இணையாகாத எலக்ட்ரான் ஒன்று; எனவே விடை √(1×3) = 1.73 போர் மேக்னட்டான். காப்பர் சல்பேட்டில் அளந்தால் இதைவிடச் சற்றே கூடுதலான மதிப்பு கிடைக்கும். ஆனால் ஆய்வகங்களில் காணப்படும் காப்பர் அசிட்டேட் மோனோஹைட்ரேட், அறை வெப்பநிலையில் ஒரு காப்பருக்குச் சுமார் 1.4 மட்டுமே தருகிறது. குளிர்விக்கக் குளிர்விக்க அதுவும் குறைந்து சுழியை நெருங்குகிறது. அதே அயனி, அதே 9 எலக்ட்ரான்கள். காந்தத்தன்மை எங்கே போயிற்று?

1952இல் பிளீனி, பவர்ஸ் ஆகியோர் இதன் காந்தப் பண்புகளை ஆராய்ந்து, காப்பர் அயனிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கூறினர். அடுத்த ஆண்டே எக்ஸ் கதிர் ஆய்வு அதை உறுதி செய்தது. இதன் ஒரு மூலக்கூறில் இரண்டு காப்பர், நான்கு அசிட்டேட், இரண்டு நீர் உள்ளன. ஒவ்வொரு அசிட்டேட்டும் தன் ஓர் ஆக்சிஜனை ஒரு காப்பருக்கும் மற்றோர் ஆக்சிஜனை அடுத்த காப்பருக்கும் தந்து பாலமாக நிற்கிறது. ஆக, ஒவ்வொரு காப்பரையும் சுற்றிச் சதுரமாக நான்கு ஆக்சிஜன்கள். வெளிப்புற முனையில் ஒரு நீர் மூலக்கூறு. அச்சின் வழியே பார்த்தால் நான்கு இறக்கைகள் கொண்ட சக்கரம் போலத் தோன்றும்.

காப்பர்களுக்கு இடையே உள்ள தொலைவு சுமார் 262 பிக்கோமீட்டர். காப்பர் உலோகத்தில் அடுத்தடுத்த அணுக்களின் தொலைவு 256 பிக்கோமீட்டர். “அப்படியானால் காப்பர்களுக்கு இடையில் பிணைப்பு உண்டா?” என்று மாணவர் கேட்பது நியாயமே. 1956இல் ஃபிகிஸ், மார்ட்டின் ஆகியோர் நேரடிப் பிணைப்பு உண்டு என்றே கருதினர். பின்னர் அக்கருத்து கைவிடப்பட்டது. அதற்கான காரணங்களை வகுப்பிலேயே விளக்கலாம்.

முதலாவது, இணையாகாத எலக்ட்ரான் இருப்பது டி எக்ஸ்²–ஒய்² ஆர்பிட்டாலில். அதன் மடல்கள் நான்கு ஆக்சிஜன்களை நோக்கியுள்ளன; எதிரே உள்ள காப்பரை நோக்கி இல்லை. இரண்டாவது, அசிட்டேட்டுக்குப் பதிலாக ஃபார்மேட் பாலம் அமைந்த சில சேர்மங்களில் காப்பர்களின் தொலைவு கூடுகிறது. ஆயினும் அவற்றுக்கிடையிலான காந்த இடைவினை வலுவாகிறது. நேரடிப் பிணைப்பே காரணம் என்றால், தொலைவு கூடும்போது இடைவினை குறைந்திருக்க வேண்டும். எனவே இரு எலக்ட்ரான்களும் ஆக்சிஜன்–கார்பன்–ஆக்சிஜன் பாலத்தின் வழியாகவே ஒன்றையொன்று பாதிக்கின்றன.

தாழ்ந்த ஆற்றல் நிலையில் இரண்டின் தற்சுழற்சிகளும் எதிரெதிர். மூலக்கூறுக்குக் காந்தத் திருப்புத்திறன் இல்லை. சற்று உயர்ந்த ஆற்றல் நிலையில் தற்சுழற்சிகள் ஒரே திசையில் அமையும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சில மூலக்கூறுகளை அந்நிலைக்கு உயர்த்துவதால்தான் 1.4 கிடைக்கிறது. குளிர்வித்தால் எல்லாம் தாழ்நிலைக்கு இறங்கிவிடும்.

இந்தச் சக்கர அமைப்புக்கு இன்று பெரிய பயன் உண்டு. 1999இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அசிட்டேட்டின் இடத்தில் மூன்று கார்பாக்சிலேட் தொகுதிகள் கொண்ட பென்சீன் ஈனியை வைத்து, இத்தகைய சக்கரங்களை இணைத்து நுண்துளைகள் நிறைந்த திண்மத்தை உருவாக்கினர். அதைச் சூடாக்கினால் முனையில் உள்ள நீர் வெளியேறும். காலியான இடத்தில் வாயு மூலக்கூறுகள் வந்து ஒட்டும். வாயுக்களைச் சேமிக்கவும் பிரிக்கவும் இதைப் பயன்படுத்தும் வழிகள் ஆராயப்படுகின்றன.

என் வகுப்பில் களிமண் உருண்டைகளும் பல்குச்சிகளும் கொண்டு இம்மாதிரியைச் செய்யச் சொல்கிறேன். பாலத்தைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு, 1.73, 1.4 என்ற இரு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காரணம் கேட்கிறேன். அயனியில் உள்ள எலக்ட்ரான்களை எண்ணினால் மட்டும் போதாது, அதன் அருகில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள். சூத்திரம் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று கேட்கும் பழக்கமும் அங்கேயே தொடங்குகிறது.